இறக்கை நுனியில் ஒரு ரோட்டர்

அமெரிக்கப் படைகளின் ஆஸ்ப்ரி விமானம் மேலெழும் காணொளியைப் பார்ப்பவர்கள் எல்லோரும் ஒரே இடத்தில்தான் வாய்பிளக்கிறார்கள். ஹெலிகாப்டரைப் போலச் செங்குத்தாக எழுந்த விமானத்தின் இரு ரோட்டர்களும் எஞ்சின் கூடுகளோடு சேர்ந்து முன்பக்கம் சாய்ந்து, சில விநாடிகளில் சாதாரண விமானத்தின் புரொப்பெல்லர்களாகிவிடும் காட்சி அது. அழகான காட்சிதான். ஆனால் சுழலும் இயந்திரங்களின் அதிர்வைக் கணக்கிடுவதையே பிழைப்பாகக் கொண்ட எனக்கு, அந்தச் சாய்வு ஒருநாளும் பெரிய புதிராகத் தெரிந்ததில்லை. கனமான ஒன்றை அச்சில் பொருத்தி, திருகுத் தண்டால் தள்ளித் திருப்புவது பொறியியலில் பழைய வேலை. சாய்ந்து முடித்த பிறகு, மணிக்கு 500 கிலோமீட்டர் வேகத்தில் பறக்கும்போது, அந்த ரோட்டர் இறக்கையின் நுனியில் ஆடாமல் எப்படி நிற்கிறது என்பதுதான் எனக்குக் கேட்கத் தோன்றும் கேள்வி. இப்படி ரோட்டரைச் சாய்த்துப் பறக்கும் டில்ட்ரோட்டர் விமானங்களின் எழுபதாண்டு வரலாற்றில் உயிர்களையும் பணத்தையும் காலத்தையும் பெரும்பாலும் தின்றது, ரோட்டரும் இறக்கையும் சந்திக்கும் அந்த ஒரு மூட்டுதான்.

முதலில் சுமையைப் பார்ப்போம். ஆஸ்ப்ரியின் ஒவ்வொரு ரோட்டரும் 38 அடி, அதாவது ஏறத்தாழ 11.6 மீட்டர் விட்டம் கொண்டது. அதன் பின்னால் கியர்பெட்டி, அதற்கும் பின்னால் 6,150 குதிரைத்திறன் கொண்ட ரோல்ஸ்-ராய்ஸ் எஞ்சின். இவை அத்தனையும் இறக்கையின் கடைசி விளிம்புக்கு அப்பால் இருக்கின்றன. பயணிகள் விமானங்களிலும் எஞ்சின்கள் இறக்கையில்தான் தொங்குகின்றன என்று நீங்கள் சொல்லக்கூடும். அங்கே இறக்கை தன் முழு நீளத்திலும் மேல்தூக்கு விசையைப் பெறுகிறது. எஞ்சினின் எடை அந்த விசைக்கு எதிராக நின்று இறக்கை மேல்நோக்கி வளைவதைக் குறைத்து உதவவே செய்கிறது. டில்ட்ரோட்டர் அந்தரத்தில் நிற்கும்போது கதை தலைகீழாகிவிடுகிறது. அப்போது இறக்கை எதையும் தூக்குவதில்லை. விமானத்தின் எடை முழுவதையும் இரு நுனிகளும் பாதிப் பாதியாகத் தூக்குகின்றன. நடுவில் உடற்பகுதி தொங்க, இரு முனைகளும் மேலே இழுக்கப்படும் ஓர் உத்தரமாக இறக்கை மாறிவிடுகிறது. அதிகபட்ச எடையில் ஏறத்தாழ 23.9 டன்னைச் செங்குத்தாகத் தூக்கும் ஆஸ்ப்ரிக்கு இது சிறிய காரியமன்று.

அப்படியானால் ரோட்டர்களை உடற்பகுதிக்கு அருகில் கொண்டுவந்திருக்கலாமே என்று தோன்றும். முடியாது. ரோட்டர் முன்பக்கம் சாய்ந்த நிலையில் பிளேடுகள் விமானத்தின் பக்கவாட்டை உரசாமல் சுற்ற வேண்டும். எனவே ரோட்டரின் அச்சு, உடற்பகுதியின் பாதி அகலம், ரோட்டரின் ஆரம், இடையில் ஒரு சிறு இடைவெளி ஆகிய மூன்றையும் கூட்டிய தொலைவில் இருந்தாக வேண்டும். ரோட்டர் பெரிதானால் இறக்கை நீளும். இறக்கை நீண்டால் அது முறுக்கிக்கொள்வது எளிதாகும். ஆஸ்ப்ரியைப் பொறுத்தவரை இந்தக் கணக்கின் மேல் அளவை வகுத்தது காற்றியக்கவியல்கூட அன்று, கப்பல். அமெரிக்க மரைன் படையின் தாக்குதல் கப்பல்களில், மேற்தளக் கோபுரத்துக்கும் தளத்தின் விளிம்புக்கும் இடையே விமானம் பாதுகாப்பாக இறங்க வேண்டும் என்ற நிபந்தனை ரோட்டரின் விட்டத்தைச் சுருக்கியது. செங்குத்தாகத் தூக்குவதற்கு மட்டும் வடிவமைத்திருந்தால் ரோட்டர் இதைவிடப் பெரிதாக இருந்திருக்கும். தரையிறங்கும்போது ஆஸ்ப்ரி கிளப்பும் புழுதிப் புயலை எல்லோரும் குறை சொல்கிறார்கள். அந்தப் புயலின் ஒரு பகுதியாவது கப்பல் தளத்தின் அளவுநாடாவில் தொடங்கியது என்பதை அவர்கள் கவனிப்பதில்லை.

இந்த மூட்டின் உண்மையான குணத்தை முதலில் காட்டிக்கொடுத்தது பெல் நிறுவனத்தின் எக்ஸ்வி-3. 1955 ஆகஸ்ட் 11 அன்று முதன்முதலாக எழும்பிய அந்தச் சிறு விமானத்தில் எஞ்சின் நுனியில் இல்லை. 450 குதிரைத்திறன் கொண்ட ஒரேயொரு பிஸ்டன் எஞ்சின் உடற்பகுதிக்குள் இருந்தது; தண்டுகள் இறக்கையின் வழியாக நுனிக்குச் சக்தியைக் கொண்டுபோயின. நுனியில் இருந்தவை சிறு கியர்பெட்டியும், உயரமான அச்சுத்தண்டின் மேல் ரோட்டரும் மட்டுமே. பாரம் குறைவு என்பதால் தொல்லையும் குறைவு என்று எதிர்பார்ப்பது இயல்பு. 1956 அக்டோபர் 25 அன்று, ரோட்டர்களைச் செங்குத்திலிருந்து 17 பாகை அளவுக்கு முன்னே சாய்த்தபோது விமானம் கட்டுக்கடங்காமல் அதிரத் தொடங்கியது. விமானி டிக் ஸ்டான்ஸ்பரி அந்த அதிர்விலேயே நினைவிழந்தார், விமானம் விழுந்தது, அவர் படுகாயத்தோடு பிழைத்தார். எஞ்சின் பழுதாகவில்லை, எதுவும் உடைந்து தொடங்கவில்லை. ரோட்டர், அதைத் தாங்கிய தூண், இறக்கை மூன்றும் ஒன்றையொன்று தூண்டி ஆடின. தனித்தனியாகச் சோதித்தால் மூன்றுமே நல்ல பிள்ளைகள்.

இரண்டாவது விமானத்தில் மூன்று பிளேடு ரோட்டருக்குப் பதிலாக விறைப்பான இரண்டு பிளேடு ரோட்டர் வந்தது. இறக்கைக்கு அடியில் முட்டுக்கம்பிகளும் வந்தன. பழைய படங்களில் அந்தக் கம்பிகளைப் பார்க்கலாம். எதிர்கால விமானம் ஒன்றுக்கு முட்டுக் கொடுத்திருப்பது கொஞ்சம் பரிதாபமாகவே தெரியும். ஆனால் அந்த ஏற்பாட்டோடுதான் 1958 டிசம்பர் 18 அன்று பில் குவின்லன் ரோட்டர்களை முழுமையாக முன்னே சாய்த்துப் பறந்து காட்டினார். அதன்பின் நூற்றுக்கும் மேற்பட்ட முழுச் சாய்வுகள் நடந்தன. 1966இல் கலிஃபோர்னியாவிலுள்ள ஏம்ஸ் ஆய்வு மையத்தின் மாபெரும் காற்றுச் சுரங்கத்தில், வேக எல்லையைத் தேடும் சோதனையின்போது, களைப்புற்ற உலோகம் இறக்கை நுனியில் விட்டுக்கொடுத்தது. இரு ரோட்டர்களும் பிய்ந்தன. எக்ஸ்வி-3இன் கதை அங்கேயே முடிந்தது.

இடைப்பட்ட காலத்தில் வேறோர் இடத்திலிருந்து பாடம் வந்தது. லாக்ஹீட் எலெக்ட்ரா என்ற நான்கு எஞ்சின் பயணிகள் விமானம் 1959 செப்டம்பர் 29 அன்று டெக்சாஸ் வானில் இறக்கை பிய்ந்து விழுந்து 34 பேர் இறந்தனர்; 1960 மார்ச் 17 அன்று இண்டியானாவில் அதே வகை விமானம் அதே விதமாக விழுந்து 63 பேர் இறந்தனர். எஞ்சினைத் தாங்கிய சட்டகம் பலவீனப்பட்டபோது புரொப்பெல்லர் தன் அச்சைச் சுற்றி வட்டமிட்டு ஆட, அந்த ஆட்டம் இறக்கையின் இயல்பான அதிர்வோடு ஒத்துப்போய் இறக்கையையே பிய்த்துவிட்டது என்று விசாரணை கண்டது. விர்ல் ஃப்ளட்டர் என்று பொறியாளர்கள் சொல்லும் இந்தச் சுழல் அதிர்வு காகிதத்தில் முன்பே இருந்தது. எலெக்ட்ராவுக்குப் பிறகுதான் எல்லோருக்கும் அது கண்ணில் பட்டது.

இதன் இயக்கத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் டில்ட்ரோட்டர் இறக்கையின் உருவத்தில் விசித்திரமாகத் தெரியும் அத்தனைக்கும் காரணம் இதுதான். சுற்றிக்கொண்டிருக்கும் பம்பரத்தை ஒரு பக்கமாகத் தட்டினால் அது தட்டிய திசையில் சாயாமல் குறுக்கே விலகும். ரோட்டரும் அப்படியே: இறக்கை முறுக்கிக்கொண்டு ரோட்டரின் அச்சு மேல்நோக்கித் தலையசைத்தால், அது பக்கவாட்டிலும் திரும்ப முயலும், பக்கவாட்டில் திரும்பினால் மீண்டும் மேலும் கீழும் அசைய முயலும். ஆக அச்சின் முனை காற்றில் ஒரு சிறு வட்டம் வரைகிறது. குறைந்த வேகத்தில் இந்த வட்டம் தானாகவே சுருங்கி மறையும். வேகம் கூடினால், ஒரு குறிப்பிட்ட எல்லைக்கு மேல் அது விரியத் தொடங்கும். விரியத் தொடங்கினால் சில சுற்றுகளில் எல்லாம் முடிந்துவிடும்.

எலெக்ட்ராவின் புரொப்பெல்லர் விறைப்பானது. எஞ்சின் சட்டகத்தை வலுவாக்கியதும் நோய் தீர்ந்தது. டில்ட்ரோட்டரின் பிளேடுகள் நீளமானவை, மடங்கி அசையக்கூடியவை. அவற்றின் சிக்கல் வேறு விதமானது. அதை 1960களில் பெல் நிறுவனத்தின் பொறியாளர்கள் துல்லியமாகப் பிரித்தெடுத்தார்கள். ரோட்டரின் அச்சு சாயும்போது, பிளேடுகள் சுற்றி உருவாக்கும் சுழல்தட்டும் அதைப் பின்தொடர்ந்து சாய வேண்டும். சுற்றும் தட்டு ஒன்றைச் சாய்க்கக் காற்றிடமிருந்து ஒரு திருப்புவிசை தேவை. பிளேடுகளின் மேல் காற்று தரும் விசை கூடிக் குறைவதால் அது கிடைக்கிறது. அந்தரத்தில் நிற்கும்போது பிளேடுகள் ஏறத்தாழத் தட்டையாகக் கிடப்பதால், அந்த விசை அச்சின் திசையிலேயே விழுகிறது, தொல்லையில்லை. விமானமாக வேகமாகப் பறக்கும்போது பிளேடுகள் எதிர்வரும் காற்றுக்கு ஏற்பப் பெரிய கோணத்தில் திரும்பியிருக்கின்றன. அப்போது அதே விசையின் பெரும்பங்கு சுழல்தளத்துக்குள்ளேயே விழுந்து, ரோட்டரின் மையத்தைப் பக்கவாட்டில் தள்ளுகிறது. அந்தத் தள்ளல், அச்சு ஏற்கெனவே அசைந்துகொண்டிருக்கும் அதே திசையில் அமைவதுதான் வினை. ஆட்டத்தை அடக்க வேண்டிய காற்று ஆட்டத்துக்கு ஊட்டமளிக்கிறது. வேகம் கூடக்கூட ஊட்டமும் கூடுகிறது. அந்த விசைக்கும் இறக்கைக்கும் இடையே நெம்புகோலாக இருப்பது ரோட்டரின் அச்சுத்தண்டு. தண்டு எவ்வளவு நீளமோ அவ்வளவுக்கு இறக்கை முறுக்கப்படும்.

இதை எதிர்க்க வடிவமைப்பாளரிடம் இருக்கும் முதல் ஆயுதம், இறக்கையின் முறுக்கு விறைப்பு. அதனால்தான் டில்ட்ரோட்டர் இறக்கைகள் அவ்வளவு தடித்திருக்கின்றன. 1977இல் பறந்த பெல் நிறுவனத்தின் சோதனை விமானமான எக்ஸ்வி-15இலும், பிறகு வந்த ஆஸ்ப்ரியிலும் இறக்கையின் தடிமன் அதன் முன்பின் அகலத்தில் 23 சதவீதம். அதே வேகத்தில் பறக்கும் சாதாரண டர்போபுரொப் விமானத்தோடு ஒப்பிட்டால் இது மிகப் பருத்த இறக்கை. தூக்குவதற்கு அவ்வளவு தடிமன் தேவையில்லை, வளைவைத் தாங்கக்கூட அவ்வளவு வேண்டியதில்லை. குறுக்குவெட்டுப் பெட்டி பெரிதானால் முறுக்கு விறைப்பு விரைந்து கூடும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் அந்தப் பருமன். அதற்கான விலையைக் காற்றின் இழுவையாக ஒவ்வொரு பறத்தலிலும் விமானம் செலுத்துகிறது. இறக்கையை 18 சதவீதத்துக்கு மெலிதாக்கி, கார்பன் இழைகளைக் குறிப்பிட்ட கோணங்களில் அடுக்கி, இறக்கை வளையும்போது அதுவே தன் முறுக்கத்தைத் திருத்திக்கொள்ளும்படி செய்யலாமா என்று பெல் நிறுவனமும் நாசாவும் 1990களில் மாதிரி செய்து சோதித்தன. பலன் நன்றாகவே இருந்தது. இப்படிப்பட்ட சோதனைகள் பலவும் வர்ஜீனியாவில் நாசாவின் லாங்லி மையத்திலுள்ள ஒரு காற்றுச் சுரங்கத்தில் நடந்தன. அதற்குள் ஓடுவது பெரும்பாலும் காற்றே அன்று, குளிர்பதனப் பெட்டிகளில் பயன்பட்ட கனமான வாயு. சிறிய மாதிரியின் அதிர்வு பெரிய விமானத்தின் அதிர்வோடு விகிதத்தில் ஒத்துவர வேண்டுமானால் ஊடகம் அடர்த்தியாக இருக்க வேண்டும். ஆஸ்ப்ரியின் ஐந்தில் ஒரு பங்கு அளவுள்ள மாதிரியும் அங்கேதான் சோதிக்கப்பட்டது.

இரண்டாவது ஏற்பாடு, ரோட்டர் மையத்தை அச்சின் மேல், எப்பக்கமும் சாயவிடும் கிம்பல் இணைப்பாகப் பொருத்துவது. பிளேடுகள் தனித்தனி கீல்களில் ஆடாமல், தட்டு முழுவதும் ஒன்றாகச் சாயும். அந்தச் சாய்வின் வளைவு விசை அச்சுத்தண்டுக்கு நேரடியாகப் போய்ச்சேராது. மூன்றாவது ஏற்பாடு எளிமையானது, என் மனத்துக்கு மிகவும் பிடித்ததும் அதுதான். விமான நிலைக்கு எஞ்சின் கூடு முழுதாகப் படுத்ததும், அது இறக்கை நுனியிலுள்ள ஒரு நிறுத்துக்கட்டையின் மேல் வந்து உட்காரும். உட்கார்ந்தால் மட்டும் போதாது. திருகுத் தண்டு மேலும் இழுத்து, அதைக் கட்டையோடு அழுத்திப் பிடிக்கும். எந்நேரமும் அந்த அழுத்தம் இருப்பதால் கூட்டுக்கும் இறக்கைக்கும் இடையே துளித் தளர்வும் இல்லாமல் இரண்டும் ஒரே துண்டாக நடந்துகொள்கின்றன. சுழலும் இயந்திரத்தின் அடித்தளத்தில் ஒரு போல்ட் தளர்ந்தால் அதிர்வு எப்படிப் பல மடங்காகும் என்பதை ஆலைகளில் பார்த்தவர்களுக்கு, இந்த அழுத்திப்பிடித்தலின் மதிப்பு சொல்லாமலே விளங்கும். உச்ச வேகத்தில் அந்த விமானத்தின் நிலைத்தன்மை இந்தக் கட்டையை நம்பியும் இருக்கிறது.

வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தையொட்டி ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் உட்வர்-ஹேசி அருங்காட்சியகம் இருக்கிறது. எஞ்சியிருக்கும் எக்ஸ்வி-15 விமானத்தை 2003இல் அங்கே பறந்தே கொண்டுவந்து சேர்த்தார்கள். அதன் எதிரே நின்றபோது நான் முதலில் கவனித்தது ரோட்டரை அன்று, இறக்கையின் முன்விளிம்பை. அது நுனியை நோக்கிப் போகப்போக முன்னே வருகிறது, அதாவது 6.5 பாகை முன்சாய்வு. வேகமான விமானங்களின் இறக்கைகள் பின்சாய்ந்தே பார்த்துப் பழகிய கண்ணுக்கு அது கொஞ்சம் அபத்தமாகவே படும். நின்று யோசித்தால் அதன் நியாயம் பிடிபடும். ரோட்டரின் அச்சுத்தண்டு குட்டையாக இருந்தால் நெம்புகோல் குறையும், சுழல் அதிர்வு தள்ளிப்போகும். ஆனால் தண்டு குட்டையானால் பிளேடுகள் இறக்கையின் முன்விளிம்பை நெருங்கிச் சுற்றும். பிளேடு அதிகமாக முன்னும் பின்னும் வளைவது அதன் நுனியில். அந்த நுனி இறக்கையைக் கடப்பதோ உடற்பகுதிக்கு அருகில். ஆகவே உடற்பகுதியை நெருங்கும் இடத்தில் இறக்கையைப் பின்னுக்குத் தள்ளிவிட்டால் பிளேடு வளைய இடம் கிடைக்கும், தண்டையும் குட்டையாகவே வைத்துக்கொள்ளலாம். அருகில் போய்ப் பார்த்தால் எஞ்சின் கூடு உத்தேசித்ததைவிடப் பெரிது. இறக்கை அதற்குள் நுழைகிற இடத்தில் ஏதோ சிறு சந்துதான் கண்ணுக்குத் தெரிகிறது. உள்ளே இருக்கும் அச்சு, தாங்கிகள், திருகுத் தண்டு, எரிபொருள் குழாய்கள், மின்கம்பிகள் எல்லாமே அந்தச் சந்துக்குப் பின்னால் ஒளிந்திருக்கின்றன.

இரண்டு எக்ஸ்வி-15களில் மற்றொன்று 1992இல் அழிந்தது. ஒரு ரோட்டரின் பிளேடு கோணத்தைக் கட்டுப்படுத்தும் அமைப்பில் ஒரு போல்ட் கழன்று வெளியே வந்துவிட, ஒரு பக்கம் மட்டும் விசை மாறி விமானம் புரண்டது. உள்ளே இருந்த விமானிகள் பிழைத்துக்கொண்டார்கள். ஹெலிகாப்டரில் ரோட்டர் விமானத்தின் நடுவில் இருக்கிறது. இங்கே இரு நுனிகளில் இருப்பதால், ஒரு பக்கத்தில் நிகழும் சிறு வித்தியாசமும் முழு இறக்கை நீளத்தால் பெருக்கப்பட்டுவிடுகிறது.

முன்விளிம்புக்கும் பிளேடுக்கும் இடையேயுள்ள அந்த இடைவெளி வெறும் வரைபடக் கவலை அன்று. 2015 அக்டோபர் 30 அன்று வட இத்தாலியில், ஏடபிள்யூ609 என்ற டில்ட்ரோட்டரின் முன்மாதிரி அதிவேகத்தில் கீழிறங்கும் சோதனையில் இருந்தது. விமானம் பக்கவாட்டில் ஊசலாடத் தொடங்கி, அந்த ஊசல் அடங்காமல் பெருகியது. காற்று ரோட்டர்களின் மேல் சரிந்து விழ, பிளேடுகள் எல்லை மீறி வளைந்து இறக்கையின் முன்விளிம்பையே வெட்டின. எரிபொருளும் ஹைட்ராலிக் திரவமும் செல்லும் குழாய்கள் அந்த விளிம்புக்குள்தான் ஓடுகின்றன. விமானம் தீப்பிடித்துச் சிதறியது. சோதனை விமானிகள் இருவரும் இறந்தனர். சாதாரண விமானத்தில் பக்கவாட்டு ஊசல் வயிற்றைக் கலக்கும், அவ்வளவுதான். நுனியில் ரோட்டர் இருக்கும் விமானத்தில் அது ஒரு வெட்டரிவாளாகிவிடுகிறது.

ரோட்டரைத் தாங்குவதோடு இறக்கைக்கு வேறொரு கடமையும் உண்டு. ஒரு பக்க எஞ்சின் நின்றுபோனால், மறுபக்க எஞ்சின் இரண்டு ரோட்டர்களையும் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் விமானம் அந்தக் கணமே கவிழும். இதற்காக இறக்கையின் ஒரு நுனியிலிருந்து மறு நுனி வரை ஓர் இணைப்புத் தண்டு ஓடுகிறது. இறக்கை வளையும், முறுக்கிக்கொள்ளும், முன்சாய்வும் மேற்சாய்வும் கொண்டிருக்கும். தண்டு இவை எல்லாவற்றுக்கும் ஈடுகொடுத்துச் சுற்ற வேண்டும். எனவே அது பல துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, வளைந்துகொடுக்கும் இணைப்புகளால் கோக்கப்பட்டு, நடுவில் திசைமாற ஒரு கியர்பெட்டியும், நுனியில் சாய்வு அச்சில் இன்னொரு கியர்பெட்டியும் வைக்கப்பட்டிருக்கிறது. எல்லாம் சரியாக இருக்கும் நாளில் இந்தத் தண்டு அதிகச் சக்தியைக் கடத்துவதில்லை. 1992 ஜூலை 20 அன்று வர்ஜீனியாவின் குவாண்டிக்கோவில் ஆஸ்ப்ரி முன்மாதிரி ஒன்றுக்கு அது தேவைப்பட்டது. கிடைநிலையில் பறந்தபோது எஞ்சின் கூட்டுக்குள் கசிந்து தேங்கிய எண்ணெய், கூடு நிமிரத் தொடங்கியதும் எஞ்சினின் வாய்க்குள் வழிந்து தீப்பற்றியது. அந்தத் தீயின் வெப்பத்தில் இணைப்புத் தண்டும் செயலிழந்தது. எழுவர் இறந்தனர். படுத்திருக்கும்போது தரையாக இருப்பது நிமிர்ந்ததும் சுவராகிவிடும் என்ற எளிய வடிவியலை, எண்ணெய் வடியும் ஒவ்வொரு துளைக்கும் தனித்தனியாக யோசித்தாக வேண்டும் என்பது அதன் பிறகுதான் முழுவதுமாக உறைத்தது.

ஆஸ்ப்ரியின் மூட்டுகளில் நெரிசலைப் பல மடங்காக்கியது, கப்பலுக்குள் மடக்கி வைக்க வேண்டும் என்ற நிபந்தனை. பிளேடுகள் உள்நோக்கி மடங்கும். எஞ்சின் கூடுகள் படுக்கும். பிறகு முழு இறக்கையும் உடற்பகுதியின் மேலுள்ள ஒரு வளையத்தின் மேல் 90 பாகை திரும்பி, உடலுக்கு இணையாகக் கிடக்கும். இதெல்லாம் ஒன்றரை நிமிடத்தில் முடிந்துவிடும். பார்க்க மாயாஜாலம் போல இருந்தாலும், நான் அதை ஆஸ்ப்ரியின் மிகப் பெரிய சுமையாகவே கருதுகிறேன். சுழல் அதிர்வுக்கு எதிராக இறக்கையை இரும்பாக விறைக்க வேண்டிய விமானத்தில், அந்த இறக்கையின் வேரிலேயே ஒரு திருப்பு வளையத்தை வைப்பது எவ்வளவு வேதனையான சமரசம் என்பது, அதை வரைந்தவர்களுக்குத்தான் தெரியும். ஹைட்ராலிக் குழாய்களும் மின்கம்பிக் கட்டுகளும் இறக்கை திரும்பும் மூட்டையும் கூடு சாயும் மூட்டையும் கடந்தே ரோட்டருக்குப் போக வேண்டும். 2000 டிசம்பர் 11 அன்று வட கரோலைனாவில் நால்வரைக் கொன்ற விபத்து, எஞ்சின் கூட்டுக்குள் ஒரு கம்பிக் கட்டு ஹைட்ராலிக் குழாயை உரசி உரசி ஓட்டையாக்கியதில் தொடங்கியது. விமானி மீட்டமைப்புப் பொத்தானை அழுத்தியபோது மென்பொருளின் பிழையும் சேர்ந்துகொண்டது. மென்பொருளைத் திருத்துவது எளிது. கைநுழையாத கூட்டுக்குள் இரு குழாய்களுக்கு நடுவே விரற்கடை இடைவெளி கண்டுபிடிப்பதுதான் கடினம்.

அதிர்வு, குழாய், எண்ணெய் ஆகியவற்றைக் கடந்து வந்த ஆஸ்ப்ரிக்கு இப்போது இருக்கும் தொல்லை நுனியிலுள்ள கியர்பெட்டி. எஞ்சின் நிமிடத்துக்கு ஏறத்தாழ 15,000 சுற்றுகள் சுற்றுகிறது. ரோட்டர் ஏறத்தாழ 400. இந்தக் குறைப்பு முழுவதும் இறக்கை நுனியில், எடைக்கும் இடத்துக்கும் அஞ்சிச் சுருக்கப்பட்ட ஒரு பெட்டிக்குள் நடக்கிறது. 2022 ஜூனில் கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் ஐந்து மரைன்கள் இறந்த விபத்தில், எஞ்சினையும் கியர்பெட்டியையும் இணைக்கும் கிளட்ச் வழுக்கி மீண்டும் சட்டெனப் பிடித்ததே காரணம் என்று கண்டார்கள்; அந்தப் பாகத்தை 800 பறத்தல் மணிக்குள் மாற்ற வேண்டும் என்று உத்தரவு வந்தது. 2023 நவம்பர் 29 அன்று ஜப்பானின் யாகுஷிமா தீவுக்கருகே எட்டுப் பேருடன் விழுந்த விமானத்தில், இடப்பக்கக் கியர்பெட்டிக்குள் ஒரு பற்சக்கரம் விரிசலிட்டு உடைந்திருந்தது. அதன் பின் உலகிலிருந்த ஆஸ்ப்ரிகள் அனைத்தும் டிசம்பர் முதல் மார்ச் வரை தரையில் நின்றன. எஃகுக்குள் சிக்கியிருக்கக்கூடிய நுண்ணிய அசுத்தங்களைக் குறைக்க, மும்முறை உருக்கிச் சுத்திகரித்த எஃகில் புதிய பற்சக்கரங்கள் செய்யும் வேலை நடக்கிறது. கவனித்துப் பார்த்தால் இதுவும் நுனிப் பொருத்தலின் விளைவே. உடற்பகுதிக்குள் இருக்கும் கியர்பெட்டியைச் சில கிலோ கூட்டித் தடிக்கச் செய்வது எவர் கண்ணையும் உறுத்தாது. நுனியில் கூட்டும் ஒவ்வொரு கிலோவும் இறக்கையின் இயல்பதிர்வைக் குறைத்து, சுழல் அதிர்வுக் கணக்கை முதலிலிருந்து போடவைக்கிறது.

பெல் நிறுவனம் இதற்கெல்லாம் தந்திருக்கும் புதிய பதில் வி-280. அது முதலில் பறந்தது 2017 டிசம்பர் 18 அன்று. எக்ஸ்வி-3 முழுமையாகச் சாய்ந்து பறந்த அதே தேதி, 59 ஆண்டுகள் கழித்து. அதில் எஞ்சின் சாய்வதில்லை. அது எப்போதும் கிடைநிலையிலேயே இறக்கை நுனியில் கிடக்கிறது; முன்னாலுள்ள ரோட்டரும் அதன் கியர்பெட்டியும் மட்டும் நிமிர்ந்து படுக்கின்றன. சாய்வு அச்சிலேயே பொருத்தப்பட்ட சாய்பற்சக்கரம் எஞ்சினின் சக்தியை எந்தக் கோணத்திலும் ரோட்டருக்குத் திருப்பிக் கொடுக்கிறது. எஞ்சினின் எண்ணெய் எப்போதும் ஒரே பக்கம் வடியும். வெப்பப் புகை தரையைச் சுடாது. வீரர்கள் பக்கவாட்டுக் கதவு வழியே இறங்கலாம். விளம்பரங்களில் பெரும்பாலும் இந்தக் கடைசி வசதியைத்தான் சொல்கிறார்கள். என் கண்ணில் பட்டது வேறு: அதன் இறக்கை நேரானது, முன்சாய்வு இல்லை. நேரான இறக்கையில் இணைப்புத் தண்டு நடுவில் வளைய வேண்டியதில்லை. கார்பன் பலகைகளை ஒரே நீட்டாக ஒட்டி இறக்கையைச் செய்யலாம், செலவும் குறையும். பிளேடுக்கு வேண்டிய இடைவெளியை இறக்கையைச் சாய்க்காமலேயே பெற முடிந்திருக்கிறது என்றால், பிளேடுகளின் விறைப்பிலும் அவற்றின் வளைவை அடக்கும் கட்டுப்பாட்டிலும் எவ்வளவோ நடந்திருக்கிறது என்றுதான் பொருள்.

இந்த ஏற்பாட்டிலும் சாய்வு அச்சின் பற்சக்கரம் முழுச் சக்தியையும் தன் பற்களின் வழியே கடத்தியாக வேண்டும். ஆஸ்ப்ரியில் சாய்வு அச்சைக் கடக்கும் தண்டு அவசரத்துக்கு மட்டும் உழைத்தது. இங்கே அதே இடத்திலுள்ள பற்சக்கரம் ஒவ்வொரு நொடியும் உழைக்கிறது. 2022 டிசம்பரில் அமெரிக்கத் தரைப்படை இந்த விமானத்தைத் தேர்ந்தெடுத்தது. எம்வி-75 என்ற பெயரில் அது இப்போது உருவாகிக்கொண்டிருக்கிறது. தரைப்படைக்குக் கப்பலுக்குள் மடக்கும் தேவையில்லை என்பதால், அந்தத் திருப்பு வளையம் இந்த இறக்கையில் இல்லை. நாளை கடற்படையோ மரைன் படையோ இதன் மடங்கும் வடிவத்தைக் கேட்டால், ஒரே நீட்டாகச் செய்த அந்த இறக்கையின் நடுவில் மறுபடியும் கத்தி வைக்க வேண்டியிருக்கும். அப்போது நுனியின் சுழல் அதிர்வுக் கணக்கும் புதிதாகவே தொடங்கும்.